துப்பியதையும் எழுது

அன்புள்ள கயல்விழிக்கு,

மேத்யூ லயன் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நடை நன்றாக வருகிறது. ஆனால் பேச்சுரிமைக்காகச் சிறை போன தியாகி என்று சிலை வைத்துவிட்டாயே, மனுஷன் எங்கே போனார்?

கப்பல் கூலிக்கு ஈடாக உழைக்கும் ஒப்பந்தத்தில் அயர்லாந்திலிருந்து கனெக்டிகட் வந்த பையன். விடுதலைப் போரில் ஒரு காவல் நிலையை விட்டு வந்த விவகாரத்தில் பதவி பறித்து அனுப்பினார்கள். மறுபடி படையில் சேர்ந்து சாரடோகா வரை போனார். இதை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய். நிற்க வேண்டிய இடம் இதுதான், அம்மா. அந்த அவமானம் இருபது வருஷம் கழித்தும் ஆறவில்லை.

1798 ஜனவரி 30. பிலடெல்பியாவில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை; லயன் அப்போது வெர்மான்ட் உறுப்பினர். கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்ட் அவரிடம், படையில் பதவி பறிபோனதைக் கேலி செய்யும் மரவாள் கதையைச் சொல்லிக் குத்திக்காட்டினார். லயன் அவர் முகத்திலேயே துப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியால் விளாச, இவர் கணப்படுப்பு இடுக்கியைத் தூக்கினார், சபைக்குள்ளேயே! துப்பியதற்காக அவரை நீக்க 52 பேர் வாக்களித்தார்கள், 44 பேர் எதிர்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேறாததால் தப்பினார்.

அதே ஆண்டில்தான் ஜனாதிபதி ஆடம்ஸைச் சாடியதற்காகத் தேசத்துரோகச் சட்டத்தில் 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சட்டம் வருமுன் எழுதிய கடிதம், வந்த பின் அச்சானது. வெர்ஜென்ஸ் சிறையிலிருந்தே தேர்தலில் ஜெயித்தார். துப்பிய கோபமும் கடிதம் எழுதிய கோபமும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒன்றை மறைத்தால் மற்றது புரியாது.

இன்னொன்று. ஜெஃபர்சனை ஜனாதிபதியாக்கியவரே இவர்தான் என்று எழுதாதே. ஜனாதிபதியைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டிவந்து, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று நடந்த வாக்கெடுப்பு அது. வெர்மான்ட்டுக்கு இரண்டே உறுப்பினர்கள், 35 சுற்றிலும் ஆளுக்கொரு பக்கம். 1801 பிப்ரவரி 17-இல், 36ஆவது சுற்றில், மற்ற உறுப்பினர் லூயிஸ் மாரிஸ் ஒதுங்கிக்கொண்டதால் லயனின் வாக்கு மாநிலத்தின் வாக்காயிற்று. வேறு மாநிலத்தவரும் அன்று விலகி நின்றார்கள்.

அபராதத்தை 1840-இல் வாரிசுகளுக்குத் திருப்பித் தந்ததை வெற்றி முழக்கமாக்கியிருக்கிறாய். ஆள் 1822-லேயே ஆர்கன்சாவில் காலமாகிவிட்டார். 1812 போருக்குப் படகு கட்டிக் கொடுத்து நொடித்துப்போன ஆண்டுகள் நடுவே கிடக்கின்றன. அவற்றையும் எழுது. அடுத்த படியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பு, எனக்குக் கண் சிரமப்படுகிறது.

அன்புடன்,
பெரியப்பா