கப்டன் கோபிநாத்தும் உன் புதுப் பதவியும்

வயாவிளான்

அன்புள்ள பெறாமகனுக்கு,

சுன்னாகக் கிளைக்கு நீ பொறுப்பாளராகிவிட்டாய் என்று கொம்மா சொன்னா. உனக்குக் கீழே ஏழு பேராம், அதில் மூவர் உன்னைவிட மூத்தவர்களாம். அவர்களை எப்படி நடத்துவது என்று நீ யோசிக்கிறாய் என்றும் சொன்னா. நீ விரும்பிப் பார்த்த 'சூரரைப் போற்று' படத்துக்கு ஆதாரமாக இருந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

படத்தில் அவர் விமானப்படைக்காரர், சோழவந்தான் தமிழர். உண்மையில் கப்டன் ஜி. ஆர். கோபிநாத் கர்நாடகத்தவர். ஹாசன் மாவட்டத்துக் கொரூரில் ஓர் ஆசிரியரின் மகன். இந்தியத் தரைப்படையில் எட்டு ஆண்டுகள் இருந்தார், 1971 போரிலும் பங்கெடுத்தார்.

இராணுவம் என்றதும் எங்கள் ஊரில் முகம் மாறும். 1990இல் போரால் இந்தக் காணியை விட்டுப் போய், நரைத்த தலையோடு திரும்பியவன் நான். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் சீருடையைக் கழற்றிய பிறகு அவர் செய்ததை நீ அறிய வேண்டும்.

விலகும்போது வயது 28. ஹேமாவதி அணையில் குடும்ப நிலம் மூழ்கிப்போக, ஈடாகக் கிடைத்தது தரிசு நிலம். அங்கே கூடாரம் அடித்துத் தங்கினார். சல்யூட் அடிக்க அங்கே ஒருவரும் இல்லை. தென்னை வைத்தார், பட்டுப்புழு வளர்த்தார். இயற்கையோடு ஒட்டிய பட்டு வளர்ப்புக்காக 1996இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இடையில் மோட்டார் சைக்கிள் முகவர், உடுப்பி ஹோட்டல், பங்குத் தரகு என்று பலதிலும் இறங்கிப் பார்த்தார். படத்தில் இந்த ஆண்டுகள் இல்லாதது எனக்குப் பெருங்குறை. அவரை ஆளாக்கியவை இவைதான்.

1997இல், இராணுவத்தில் ஹெலிகொப்டர் ஓட்டிய நண்பர் கப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகொப்டர் சேவை தொடங்கினார். 2003இல் அவருடைய மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கான் வந்தது. ஐதராபாத்தில் தொடக்க விழாவன்றே விமான எஞ்சினில் தீப்பிடித்தது. அத்தோடு அவர் நிறுத்தவில்லை.

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருப்பாய், இரண்டு இறக்கையிலும் காற்றாடி சுழலும். நீளம் குறைந்த ஓடுபாதையிலும் இறங்கும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். ஹூப்ளி, விஜயவாடா போன்ற ஊர்களுக்குக் கோபிநாத் விட்டதும் இதே வகை விமானந்தான். சின்ன ஊருக்கு விமானம் எதற்கு என்று எங்களையும் கேட்பார்கள். 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனதே காங்கேசன்துறை, அதாவது எங்கள் பலாலி, வழியாகத்தான். போரில் அறுந்த அந்த வழி 2019இல்தான் மீண்டும் திறந்தது.

ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்கும் ரிக்கெற் விற்றது. நட்டம் ஏறியது. 2008இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு இணைந்தது, 2012இல் கிங்ஃபிஷரும் நின்றுபோனது. வியாபாரக் கணக்கில் அவருக்குத் தோல்விதான், அதையும் தெரிந்துகொள். ஆனால் அதுவரை விமானத்தில் கால் வைக்காத ஏராளமானோர் அவரால் பறந்தார்கள்.

அவர் பயின்ற தேராதூன் இராணுவக் கல்லூரியின் செட்வூட் மண்டபத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. 1932இல் அன்றைய இராணுவத் தளபதி செட்வூட் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. நாட்டின் நலன் முதலில், உன் கீழ் உள்ளவர்களின் நலன் அடுத்தது, உன் சொந்தச் சௌகரியம் எந்நாளும் கடைசியில் என்பது அதன் சாரம். எவருடைய சீருடையில் வந்தாலும் இந்த வரிசை சரியானது. உன் கிளைக்கும் இதுதான் சட்டம்.

அந்த மூன்று மூத்தவர்களிடமும், "அண்ணை, இதை நீங்கள் எப்படிச் செய்வியள்?" என்று முதலில் கேள். கேட்டதால் உன் மரியாதை குறையாது. பின்னேரம் காசுக் கணக்கு முடிக்கும் வேலையை உன் கையிலேயே வைத்திராதே. இளைய பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருத்திப் பழக்கு. பிழை விட்டால் எல்லோர் முன்னாலும் ஏசாதே, தனியே கூப்பிட்டுத் திருத்து. நீ வராத நாளிலும் கிளை வழமைபோல் நடக்க வேண்டும். அப்படி நடந்தால்தான் நீ ஆட்களை வளர்த்திருக்கிறாய் என்று நான் நம்புவேன்.

வருகிற தைப்பொங்கல் லீவுப் பட்டியலில் மற்றவர்களின் பெயரை முதலில் எழுது. நீ மாட்டுப்பொங்கலுக்கு வந்தால் போதும், கொம்மாவுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா