இம்ப்ளான்ட் இறுகிவிட்டது... மறுபடியும் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 49 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக 9 வருடங்களுக்கு முன்பு இடது மார்பகத்தை எடுத்து, கரன்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். பிறகு சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்தார்கள். ஒரு வருடமாக அந்தப் பக்கம் கல்லாக இறுகி, மேலே ஏறி நிற்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் வலி உயிர் போகிறது. இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்கிறார்கள் வீட்டில். பழைய நோய் திரும்பிவிட்டதோ என்று பயமாகவும் இருக்கிறது. இந்த ஆபரேஷனில் என்னவெல்லாம் நடக்கும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில் (பிளாஸ்டிக் சர்ஜன்): சகோதரி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இறுகிப்போவது என்பது புற்றுநோய் அல்ல. உடலுக்குள் எந்த இம்ப்ளான்ட் வைத்தாலும் அதைச் சுற்றி உடல் மெல்லிய உறை ஒன்றை உண்டாக்கும். சிலருக்கு அந்த உறை தடித்து, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல இம்ப்ளான்டை நெருக்கிவிடும். கரன்ட் வைத்த இடத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். இதை நான்கு நிலைகளாகப் பிரிப்போம். இறுகி, வடிவம் மாறி, வலியும் இருந்தால் அது நான்காவது நிலை. நீங்கள் எழுதியிருப்பது அதைப் போலத்தான் தெரிகிறது.

ஆனாலும், பரிசோதிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. சிலிக்கோன் இம்ப்ளான்ட் கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். இம்ப்ளான்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுங்கள். நிறுவனம், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அது எந்த வகை என்று தெரிவது முக்கியம். ஏனென்றால், சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்கள் சிலவற்றைச் சுற்றி, அரிதாக, லிம்போமா என்ற புற்றுநோய் வருவது தெரிந்ததால், அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. தொந்தரவு இல்லாதவர்கள் அதற்காக அகற்றத் தேவையில்லை என்றே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது. பல வருடம் கழித்துத் திடீரென நீர் கோத்து வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

என்ன செய்வார்கள்?

காரணம் தெரிந்த பிறகுதான் ஆபரேஷன் எது என்று முடிவாகும். உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இறுகிய உறையை எடுத்துவிட்டுப் புது இம்ப்ளான்ட் வைப்பது. இரண்டு, இம்ப்ளான்டை எடுத்துவிட்டு அப்படியே விடுவது. மூன்று, வயிறு அல்லது முதுகிலிருந்து உங்கள் சொந்தச் சதையை எடுத்து மார்பை அமைப்பது. கரன்ட் பட்ட தோலில் புது இம்ப்ளான்டும் மறுபடி இறுகக்கூடும் என்பதால், மூன்றாவது வழியைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். அது பெரிய ஆபரேஷன். வயிற்றிலோ முதுகிலோ இன்னொரு தழும்பும் வரும். ஆனால் அந்தச் சதை உங்களுடையது.

முதல் இரண்டு வழிகளில், முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே திறப்பார்கள். பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். உறையை முழுவதுமாக எடுப்பது எல்லோருக்கும் அவசியம் இல்லை. விலா எலும்போடு ஒட்டியிருக்கும் பகுதியைச் சுரண்டினால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு கிழியக்கூடும். எடுத்த உறையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நீர் வடிய ஒரு குழாய் வைத்திருக்கலாம். தினமும் எவ்வளவு வடிகிறது என்று எழுதி வையுங்கள், குறைந்ததும் எடுத்துவிடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், பேரக்குழந்தை எதையும் தூக்க வேண்டாம். தோள் விறைத்துப்போகாமல் இருக்க, டாக்டர் சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள். கரன்ட் பட்ட தோல் மெதுவாகத்தான் ஆறும். காய்ச்சல், சிவப்பு, ஒரு பக்கம் திடீர் வீக்கம், தையல் பிரிவது - இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வீக்கம் வடிந்து உருவம் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டமாக்சிஃபென் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சர்ஜனிடம் முன்பே சொல்லுங்கள். ரத்தக்கட்டு அபாயம் இருப்பதால் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறியுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், ‘இது அழகுக்காக அல்ல, புற்றுநோய் சிகிச்சையின் தொடர்ச்சி’ என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

புது இம்ப்ளான்டும் ஆயுள் முழுக்க வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிலிக்கோன் என்றால் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை.

உங்கள் வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவில் தூங்கவிடாத வலிக்கு வைத்தியம் பார்ப்பதில் வயது ஒரு கணக்கே இல்லை. ஸ்கேனில் அவசரம் எதுவும் தெரியாவிட்டால், நிதானமாக யோசியுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்தும் கேளுங்கள். இருவரிடமும் ஒரே கேள்வியை வையுங்கள்: “கரன்ட் பட்ட என் தோலுக்கு மூன்று வழிகளில் எது பொருந்தும், ஏன்?” அந்த ‘ஏன்’ உங்களுக்குப் புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.