ஒருவர் சொல்லி ஒருவர் வந்தால்: சன்மானம் நிர்ணயிக்கும் முறை



புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனத்துக்குப் பெரிய விளம்பரம் செய்ய வசதி இருப்பதில்லை. வாங்கிய ஒருவர் பக்கத்து வீட்டாரிடம், "அங்கே வாங்குங்கள், சரக்கு நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் வார்த்தையே அதற்கு விளம்பரம். அப்படிச் சொல்பவருக்குச் சன்மானம் தரலாமா, எவ்வளவு தரலாம், எப்போது தரலாம் என்பதே இன்றைய பாடம்.

நமக்காகப் பேசும் வாடிக்கையாளர் தம்முடைய நாணயத்தை நமக்குக் கடனாகத் தருகிறார். சரக்கில் குறை இருந்தால் முதலில் தலைகுனிபவர் அவர்தான். எனவே நமது திட்டம் அவர் பெயருக்குப் பங்கம் வராததாக அமைய வேண்டும்.

1. ஒளிவு மறைவு கூடாது

ஹார்டுவேர் கடைகளில் ஆள் கூட்டி வரும் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் ஆகியோருக்குக் கமிஷன் தரும் வழக்கம் நாம் அறிந்ததே. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தரும் அந்தத் தொகை கடைசியில் அவர் பில்லில்தான் ஏறுகிறது. ஒரு நாள் அவருக்குத் தெரியவந்தால் மேஸ்திரி மீதும் நம்பிக்கை போய்விடும், கடை மீதும் போய்விடும். "புதிதாக வருபவர் எதிரிலேயே இந்தத் தொகையைச் சொல்லிக் கொடுக்க முடியுமா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அது நியாயமான திட்டம் அன்று.

2. இருவருக்கும் சமமாகத் தருக

டிராப்பாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கணினிக் கோப்புகளைச் சேமிக்க இணையத்தில் இடம் தருவது. அழைத்தவர், வந்தவர் இருவருக்கும் அது கூடுதல் இடத்தைச் சம அளவில் தந்தது. 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த அதன் பயனாளர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆயினர். இதற்கு அத்திட்டமும் ஒரு முக்கியக் காரணம். அது தந்தது ரொக்கம் அன்று, தன் சரக்கு. ஒருவர் பெறக்கூடிய அளவுக்கு உச்சவரம்பும் இருந்தது.

பேபால் நிறுவனமோ தொடக்கத்தில் இருவருக்கும் ஆளுக்கு 10 டாலர் ரொக்கமாகக் கொடுத்தது. ஆட்கள் பெருகப் பெருகச் செலவும் பெருகவே, அதை 5 டாலராகக் குறைத்துப் பின்னர் நிறுத்திவிட்டது. முதலீட்டாளர் பணம் இருந்ததால் அது தாங்கியது. சொந்த முதலில் தொழில் செய்பவருக்கு அந்த வழி ஆகாது.

3. லாபத்திலிருந்து கொடுங்கள், முதலிலிருந்து அன்று

செக்கு எண்ணெயை வீடுகளுக்கு அனுப்பும் புதிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாத விற்பனை ரூ.1,200. செலவு போக நிகர லாபம் ரூ.100 என்று வைத்துக்கொள்வோம்.

உற்சாகத்தில் ஆளுக்கு ரூ.200 என்று அறிவித்தால் ரூ.400 போகிறது. நான்கு மாத லாபம் முன்கூட்டியே கரைந்துவிடும். வந்தவர் இரண்டு மாதம் மட்டும் வாங்கி நின்றுவிட்டால் ரூ.200 நஷ்டம்.

அதற்குப் பதிலாக ஆளுக்கு ரூ.50 வைப்போம். வந்தவருக்கு முதல் பில்லில் ரூ.50 தள்ளுபடி. அவர் இரண்டாம் முறை வாங்கிப் பணம் கட்டிய பின், அழைத்தவரின் அடுத்த பில்லில் ரூ.50 தள்ளுபடி. முதல் மாதம் ரூ.50 மிச்சம், இரண்டாம் மாதமும் ரூ.50 மிச்சம். எந்தக் கட்டத்திலும் கைப்பொருள் இழப்பில்லை. இரண்டாம் முறை வாங்கினார் என்றால் சரக்கு அவருக்குப் பிடித்திருக்கிறது என்றும் பொருள்.

4. கிளை விட வேண்டாம்

வந்தவர் இன்னொருவரை அழைத்து வந்தால் முதலாமவருக்கும் பங்கு என்று சங்கிலி போடக் கூடாது. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. ஒருவர் அழைத்தார், ஒருவர் வந்தார் என்பதோடு கணக்கு முடிய வேண்டும்.

5. எழுதி ஒட்டி வையுங்கள்

* ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் வரை சன்மானம் என்பதை வரையறுங்கள்.
* ஒரே வீட்டில் வேறு பெயரில் வாங்குவது புதுக் கணக்கு ஆகாது.
* இருவர் உரிமை கோரினால், முதல் பில் போடும்போது வந்தவர் சொன்ன பெயரே செல்லும்.
* நண்பர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டு வாங்காதீர்கள். சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். விருப்பமுள்ளவர் தாமே வரட்டும்.
* திட்டத்தை நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். அதுவரை சேர்ந்த சன்மானத்தைப் பாக்கியின்றித் தீர்த்துவிடுங்கள்.

யாரையும் அழைத்து வராமல், ஆண்டுக்கணக்கில் நம்மிடமே வாங்கும் பழைய வாடிக்கையாளரையும் மறக்கலாகாது. புதியவருக்குத் தள்ளுபடி, நமக்கு ஒன்றுமில்லையா என்று அவர் மனம் கசந்தால், ஒருவரைச் சேர்த்து ஒருவரை இழந்தவர்கள் ஆவோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவருக்கும் அதே தொகையைத் தள்ளுபடியாகத் தருவது நலம்.

பயிற்சி: உங்கள் கடையில் ஒரு வாடிக்கையாளர் மாதம் எவ்வளவு வாங்குகிறார், அதில் நிகர லாபம் எவ்வளவு என்று இன்றே எழுதிப் பாருங்கள். இருவருக்கும் தரும் தொகை சேர்ந்து ஒரு மாத நிகர லாபத்தைத் தாண்டாதிருக்கட்டும். கணக்குத் தெரிந்த பிறகே அறிவிப்புப் பலகை எழுதுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கடையைப் பற்றித்தான் நாலு பேர் நல்லதாகச் சொல்வார்கள்.