கொருக்குப்பேட்டைக்குக் குடிவந்த மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு மாமா எழுதுவது.

சாப்பிட எங்கே போவது, உட்கார்ந்து வேலை பார்க்க எங்கே போவது, படம் சிற்பம் பார்க்க எங்கே போவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். கடைசியில், “இதெல்லாம் இங்க இல்லேன்னா பெசன்ட் நகர்ப் பக்கம் ரூம் பார்த்துக்கிறேன் மாமா” என்று ஒரு வரி. கொருக்குப்பேட்டை என்றதும் உன்னிடம் யாரோ மூக்கைச் சுளித்திருக்கிறார்கள். சுளிக்கட்டும். அங்கே ஒரு அறைக்குக் கேட்கிற வாடகையில் இங்கே ஒரு குடும்பமே குடியிருக்கிறது. படம் வரைந்து பிழைக்கிறவளுக்கு வாடகை குறைவாக இருப்பதுதான் முதல் சுதந்திரம். பிடிக்காத வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆறு மாதம் அசையாமல் இரு, அதற்குப் பிறகு பேசலாம்.

ஓசூரில் மகன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன் என்றாலும், துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த வடசென்னை கடிகாரத்தின்படி நடக்கும் ஊர். தெற்கே கடை காலையில் திறந்தால் இரவு வரைக்கும் அதே கடைதான். இங்கே அப்படி இல்லை. படகு வரும் நேரம், ஷிப்ட் விடும் நேரம், கும்மிடிப்பூண்டி லோக்கல் வரும் நேரம், இவற்றை ஒட்டித்தான் அடுப்பு எரியும். அதே தெருமுனையில் விடியற்காலை ஆப்பக்காரம்மா, மத்தியானம் கூழ் வண்டி, ராத்திரி பீஃப் சுக்கா வண்டி. நீ மதியம் மூன்று மணிக்குப் போய் நின்று “இங்க ஒண்ணுமே இல்லையே” என்றால் குற்றம் தெருவின் மேல் இல்லை.

முதலில் காசிமேடு. விடியுமுன் போகணும்; இருட்டிலேயே ஏலம் களைகட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊரே அங்கேதான் நிற்கும், விலையும் அன்றைக்குத் தலைகீழ். செவ்வாய், புதன் மாதிரி நாளில் போ. ஏலத்துக்குள் நுழையாதே, அது வியாபாரிகள் இடம். வெளியே கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் வாங்கு. வஞ்சிரத்தைப் பார்த்து மயங்காதே. அது ஓட்டலுக்குப் போகிற மீன். நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, இதெல்லாம் சம்பளக்காரர்களின் மீன், ருசியும் அதில்தான். மீன் ஆய்ந்து கொடுப்பவர்கள் தனி, அவர்களுக்குக் கூலி தனி. அந்தப் பத்து இருபதில் பேரம் பேசாதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஐஸ் மீன். “ஃபைபர் போட் மீன் எது?” என்று கேள். கேள்வியைக் கேட்டதுமே நீ விவரமானவள் என்று தெரிந்துகொள்வார்கள்.

அடுத்தது அத்தோ, பர்மா நூடுல்ஸ். உன் அம்மாவுக்கு இந்தப் பெயரே தெரியாது, விழுப்புரம் பக்கம் எங்கே பார்த்திருப்பாள். கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரலுக்கு ஒரு தடம், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாக பீச்சுக்கு ஒரு தடம். இரண்டாவதில் போய் பீச் ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்புறம் செகண்ட் லைன் பீச்சுக்கு நட. பொழுது சாயும் நேரத்தில் தள்ளுவண்டிகளில் மஞ்சள் நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார்கள். முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கரண்டியால் கலந்தால் அத்தோ ஆகாது என்பது என் கட்சி. கூடவே வாழைத்தண்டு சூப் கேட்டு வாங்கு. அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவதையும் விடாதே. மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்தத் தட்டுக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு சாப்பிடு. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகண்ணிகளை அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே இருந்த நம் ஆட்கள் கப்பல் ஏறி, இதே மெட்ராஸ் துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கினார்கள். அவர்களுக்காகப் பிறந்ததுதான் 1969-இல் வந்த பர்மா பஜார். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் அவர்கள் குடியேறினார்கள். ரங்கூனில் அவர்கள் தெருவில் நின்று தின்ற பலகாரம், இங்கே பிழைப்பாகிவிட்டது. வண்டிக்காரர்களில் வயதானவர் யாராவது அமைந்தால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, “எந்த வருஷம் வந்தீங்க?” என்று மட்டும் கேள். மிச்சத்தை அவரே சொல்லுவார்.

சௌகார்பேட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபி, என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய் ஊத்தப்பம். அங்கே இட்லியையும் ஊத்தப்பத்தையும் தவிர வேறெதையும் தேடாதே. மாசத்துக்கு ஒருமுறை போதும், அவ்வளவு நெய் உன் உடம்புக்கு ஆகாது.

வேலை பார்க்கும் இடம் கேட்டாய். உன் அறை வெயிலில் கொதிக்கும், எனக்குத் தெரியும். அதற்காக இருநூறு ரூபாய் காபி வாங்கி வைத்துக்கொண்டு குளிர்சாதனத்தில் உட்கார ஓடாதே. பெரம்பூர் தாண்டி, கொளத்தூர் அகரத்தில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று ஒன்றை 2024 நவம்பரில் திறந்தார்கள். மடிக்கணினியோடு போய் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு தளம், பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு தளம். திறந்தபோது வேலை செய்ய அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 என்று வைத்திருந்தார்கள். உன்னை மாதிரி தனியாக வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டியதை நான் என் வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். போய்ப் பார், இடம் நிறைந்திருந்தால் முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டு வா.

புத்தகத்தோடு உட்கார வேண்டுமானால் எழும்பூர் கன்னிமாரா, 1896-இலிருந்து இருக்கிறது. கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டும் என்றால் ராயபுரம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அந்த ஸ்டேஷனிலிருந்துதான். இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் மூத்தது. அந்த முகப்புத் தூண்களை வரைந்து கை பழகலாம். அங்கிருந்து அறிஞர் அண்ணா பூங்காவுக்குப் போ. பழைய பெயர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். அரசியல் உனக்கு வேண்டாம் என்றால் விடு, மரத்தடியில் பெஞ்சு இருக்கிறது.

இனி கலை. இதைத்தான் நீ மூன்றாவதாகக் கேட்டாய், நான் முதலாவதாக நினைத்தேன்.

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கு. 2022-இலிருந்து ரயில் அங்கே நிற்கிறது. தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன் என்று ஜனங்கள் கும்பிட வருவார்கள். கும்பிடுகிறாயோ இல்லையோ, மூலவர் ஆதிபுரீசுவரர் சந்நிதியை வெளியே சுற்றி வந்து பின்புறத்தைப் பார். சதுரமாக இருக்காது. படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இதைக் கல்லில் எடுத்துக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். தமிழ்நாட்டில் எத்தனை கோயில், எத்தனை ஆயிரம் சிற்பி! பெயர் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் ஒருவர் உன் அறையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் மூலவரின் கவசத்தைக் களைவார்கள். அப்போது கூட்டத்தில் எதுவும் பார்க்க முடியாது. சாதாரண நாளில், காலையில், அவசரம் இல்லாமல் போ.

வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தபோது இந்தக் கோயிலுக்கு நடந்தே வருவாராம். தியாகையர் இங்கே வந்து ஐந்து கீர்த்தனை செய்திருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யர் இந்த ஊர்க்காரர். சங்கீதம் மயிலாப்பூரில் மட்டும் விளைந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு. சண்டைக்குப் போகாதே, சொல்லிவிட்டு வா.

அடுத்தது கானா. மேடையில் கேட்க ஆசைப்பட்டால் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு இருக்கிறது. 2018-இல் முதல் மேடை ஏறினார்கள், அதற்கப்புறம் கானாவை டை கட்டியவர்களும் கேட்கிறார்கள். ஆனால் கானா சாவு வீட்டில் வளர்ந்தது. இறந்தவரின் வாழ்க்கையை ராத்திரி முழுக்கப் பாட்டாகச் சொல்லி, விடியும் வரை வீட்டாரைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அது. உன் தெருவிலேயே ஒரு நாள் கேட்கும். போகலாம், அக்கம்பக்கத்து மனுஷியாகப் போ. பந்தலுக்குள் ஒரு நிமிஷம் நின்று, வீட்டுப் பெண்களிடம் தலையசைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கேள். போனை எடுக்காதே. வரையவும் செய்யாதே, அன்றைக்கு வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகச் சொல்கிறேன். வடசென்னைக்குக் கேமராவோடு வந்து, கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது.

அருங்காட்சியகம் பார்க்கணும் என்றால் எழும்பூர். மெட்ரோவில் சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதே. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரைத் தேடிப் பார். பாரிஸில் இருந்த சிற்பி ரோதான் இந்தச் சிலையின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு வியந்து எழுதினார். உனக்கு நேரிலேயே இருக்கிறது. பக்கத்தில் கவின் கலைக் கல்லூரி, 1850-இல் தொடங்கியது. அதன் முதல் இந்திய முதல்வர் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை மெரினாவில் எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டியிருப்பாய். ஒரு நாள் இறங்கிப் பார். 1959-இல் வைத்தது; நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பாரம் தூக்குகிறவர்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாறை நகருமுன் உடம்பில் எங்கே இறுகுமோ, கெண்டைக்காலிலும் விலாவிலும், அங்கேதான் அந்த நாலு பேருக்கும் இறுகியிருக்கிறது. செய்தவர் நின்று பார்த்திருக்கிறார்.

எண்ணூருக்கும் ஒரு நாள் போ. கழிமுகத்தை அழகுக்காகப் பார்க்கப் போகிறவள் ஏமாந்து வருவாள். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி ராயபுரத்துக் கொடித்துணியில் படியும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் துணி வெளுத்தது, கரி இடம் மாறியது, அவ்வளவுதான். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் சேர்ந்தது பழைய கதை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் மொத்தமாகப் பூசிவிட்டுப் போனது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2017-இல் அந்தச் சாம்பலுக்கு நடுவே நின்று சென்னைப் புறம்போக்குப் பாடலைப் பாடினார். அதைக் கேட்டுவிட்டுப் போனால், எதை எங்கே பார்ப்பது என்று ஓரளவு தெரியும்.

கடைசியாக உன் தொழில் சம்பந்தமாக ஒன்று. வடசென்னையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பத்திரிகைக்காரர்கள் உன்னிடம் கத்தி, ரத்தம், குத்துச்சண்டை, இந்த மூன்றையும்தான் கேட்பார்கள். சார்பட்டா நல்ல படம், எனக்குப் பிடித்தது. அதற்காக எல்லாக் கதைக்கும் அதே கையுறையை மாட்ட வேண்டியதில்லை. புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகப் பட்டம் வாங்கினாள். இங்கே தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது, யார் வரைந்தார்கள்? மீன் ஆய்கிற கை, அத்தோ பிசைகிற கை, கொருக்குப்பேட்டை கேட்டில் சைக்கிளோடு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், இவற்றில் இரண்டை வரைந்து, கேட்டதோடு சேர்த்து அனுப்பு. பத்தில் ஒருவராவது போடுவார். போடும்போது ஓரத்தில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மாமா