வெறும் புல்லா?

செஞ்சியில் வளர்ந்த நமக்கு மலை என்றால் பாறைதான். இராஜகிரி உச்சிக்கு மூச்சிரைக்க ஏறினாலும் உயரம் சுமார் 800 அடியே. ஆகவே, பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் கல்விச் சுற்றுலாவாக நீலகிரிக்குச் சென்றபோது, அவலாஞ்சிக்கு மேலே பெரிய பாறையும் இல்லாமல், தோப்பும் இல்லாமல், குன்றுக்குப் பின் குன்றாகப் புல் மட்டும் விரிந்து கிடந்ததைக் கண்டு சற்று ஏமாந்தே போனோம். படகுச் சவாரிக்காகவே வந்திருந்த தோழி ஒருத்தி, "வெறும் புல்தானே டீச்சர்!" என்று சொல்லியேவிட்டாள். புவியியல் டீச்சர் சிரித்தார்கள். "வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். தரிசு என்றே எழுதி வைத்தார்கள்" என்றார்கள்.

அந்தத் தரிசைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வண்டியை விட்டு இறங்கி, பள்ளமான ஓரிடத்தில் புல்லின்மேல் கையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. மழை பெய்து பல நாட்கள் ஆகியிருந்தன! புல்லின் வேரும் அடியிலுள்ள கரிய மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. அவ்வோடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. மாயாறு பவானியில் சேர, பவானி காவிரியில் கலக்கிறது.

மரங்களை வெட்டியதால் உண்டான புல்வெளி அன்று இது. மார்கழி, தை இரவுகளில் இங்கே உறைபனி விழும். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகள் அதில் கருகிவிடும். குன்றுகளின் மடிப்புகளில், காற்றுக்கும் பனிக்கும் ஒதுங்கிய இடங்களில் மட்டும் அடர்ந்து நிற்கும் மரக்கூட்டமே சோலை. சதுப்பு மண்ணில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள் இப்புல்வெளி பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது என்கிறார்கள். செஞ்சிக் கோட்டையே இதற்கு முன் நேற்றுக் கட்டியதுதான்.

இதை அறியாமல் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகுக்கும் கூழுக்கும் தைலமரத்தையும் நட்டார்கள். (நம் ஊர்த் தைலமரத்தை அங்கே கற்பூர மரம் என்கிறார்கள்.) சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. மரம் நடுவது எப்போதும் புண்ணியம் என்றே நானும் நினைத்திருந்தேன். பழநி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது.

நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வது இத்தகைய புல்லை நம்பித்தான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. எங்கள் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில்கூட அதற்கு நிகரான தலைகள் நிற்கும்! அவற்றுக்காகவே முக்குர்த்தியை 1990இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு கடமான் கூட்டத்தைத்தான் பார்த்தோம். வரையாடு கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் டீச்சர் லடாக்கைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே, திபெத்திய வழி வந்த சாங்பா மக்கள் யாக் மாடுகளோடும் பஷ்மினா ஆடுகளோடும் புல்லைத் தேடி இடம் மாறுகிறார்களாம். யாக் மயிரில் நெய்த கூடாரமே அவர்கள் வீடு. நம் நீலகிரியின் தோடர்களும் முற்காலத்தில் கோடை வறட்சியில் எருமைகளை ஓட்டிக்கொண்டு குந்தாப் பக்கத்து ஈரப் புல்வெளிக்குச் சென்றவர்களே. கூடாரத்துக்குப் பதிலாக அங்கேயும் அவர்களுக்கு ஒரு மந்து இருந்தது.

மறுநாள் உதகையை அடுத்த ஒரு மந்துக்குப் போனோம். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. படத்தில் பார்த்த, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வீடுகளைத் தேடினோம். எல்லோரும் ஓட்டு வீட்டிலும் காரை வீட்டிலும் இருக்கிறார்கள். பழைய வடிவில் நின்றது கோயில் மட்டுமே. அக்கோயில் பால் கடையும் இடமும் ஆகும். பெண்கள் அருகே போகக் கூடாது என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் விருந்தினர்தானே, தள்ளியே நின்றோம்.

வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி எங்களோடு தமிழில் பேசினார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தையல் அது. "எத்தனை எருமை பாட்டி?" என்று கேட்டேன். தம் சிறுவயதில் எண்ண முடியாத அளவு இருந்ததாகவும், இப்போது நான்குதான் என்றும் சொன்னார். மேய இடம் சீகைக் காடாகிவிட்டது. மீதியைப் புலி பிடிக்கிறது. முக்குர்த்திச் சிகரத்தைக் காட்டி, இறந்தவர் உயிர் எருமையோடு அவ்வழியேதான் மறுவுலகம் போகும் என்றார்.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் என் ஆயாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு எருமைகளைக் கறப்பதும் கழுவுவதும் ஆயாதான். தோடர்களில் ஆண்களே கறப்பார்கள் என்றதும் ஆயா நம்பவே இல்லை. நான்கே எருமை என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுங்களுக்கு இன்னா பேரு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

தோடர்கள் ஒவ்வோர் எருமைக்கும் பெயர் வைப்பார்கள் என்று பின்னர் ஒரு நூலில் படித்தேன். ஆனால் அந்தப் பாட்டியிடம் அதை நான் கேட்கவில்லை.