வருமுன் காட்டிய வெள்ளம்

எண் அறிவுக்கு எளிது, மனத்திற்கு அரிது. 'ஒன்பது அடி வெள்ளம் வரும்' என்று கேட்பவர் அச்செய்தியை அறிந்துகொள்வர். ஆயினும், அவ்வெள்ளம் தம் வீட்டு வாயிலில் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை எல்லாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க நாட்டில் 1963 முதல் 2012 வரை கடும்புயல்களால் நேரே இறந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றது காற்றன்று; கடல் பொங்கி ஊருக்குள் புகுந்த வெள்ளமே என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஆகவே, வெள்ளத்தை வருமுன் உணர்த்துவது உயிர் காக்கும் தொண்டாகும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புளோரன்ஸ் என்னும் புயல் வட கரோலினா மாநிலக் கரையை நோக்கி வந்தது. சில இடங்களில் ஒன்பது அடிக்கு மேலும் நீர் உயரக்கூடும் என்று தேசியப் புயல் மையம் எச்சரித்தது. அப்பொழுது 'வெதர் சானல்' என்னும் வானிலைத் தொலைக்காட்சி ஒரு புதுமை செய்தது. அறிவிப்பாளராகிய அம்மையார் ஒருவர் தெருவொன்றில் நிற்பதுபோலத் திரையில் தோன்றினார். அவரைச் சுற்றிலும் நீர் எழுந்தது. மூன்றடி வெள்ளமே மனிதரை வீழ்த்தவும் வண்டிகளை நகர்த்தவும் வல்லது என்று அவர் விளக்கினார். ஆறடியில் நீர் அவர் தலைக்கு மேல் நின்றது. ஒன்பதடியில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கும் நிலை கண்முன் விரிந்தது. கண்டோர் திடுக்கிட்டனர். ஆனால், அம்மையாரின் ஆடையில் ஒரு துளி நீரும் படவில்லை!

இவ்விந்தை நிகழ்ந்தது எவ்வாறு? அவர் நின்றது பச்சை வண்ணம் பூசிய ஓர் அரங்கிலேயாம். பச்சை தோன்றிய இடங்களிலெல்லாம் கணிப்பொறி வேறு காட்சியை நிரப்பியது. கேமரா நகருந்தோறும் அதன் இடத்தையும் நோக்கையும் கருவிகள் அளந்து கூறின. அதற்கேற்பத் தெருவும் நீரும் உடனுக்குடன் புதிதாக வரையப்பட்டன. அங்ஙனம் வரைந்தது 'அன்ரியல் எஞ்சின்' என்னும் மென்பொருள். 1998இல் வெளிவந்த கணினி விளையாட்டு ஒன்றிற்காக எபிக் நிறுவனத்தார் ஆக்கியதே அது.

விளையாட்டுக்கெனப் பிறந்த பொறி இத்தொண்டுக்குப் பொருந்தியதன் காரணம் யாது? கணிப்பொறியால் ஆக்கும் திரைப்படத்தில் ஒரு படத்தை வரையப் பல மணி நேரம் செலவிடலாம். விளையாடுவோரோ காத்திரார். அவர் விசையை அழுத்திய அக்கணமே காட்சி மாறவேண்டும். நொடிக்கு அறுபது படங்கள் வேண்டுமெனில், ஒவ்வொன்றையும் நொடியின் அறுபதில் ஒரு பங்கிற்குள் வரைந்து முடித்தல் வேண்டும். அதற்காக இப்பொறி கண்ணுக்குத் தெரியாதவற்றை விட்டுவிடும். தொலைவிலுள்ளவற்றைச் சுருக்கமாக வரையும். நேரடி ஒளிபரப்பும் விளையாட்டைப் போலவே காலந்தாழ்த்தலைப் பொறாதது அன்றோ?

திரைப்படக் கலைஞரும் இப்பொறியை நாடினர். 2019இல் வெளிவந்த 'தி மாண்டலோரியன்' என்னும் தொடரில் தலைவன் ஒளிரும் உலோகக் கவசம் அணிந்தவன். பச்சைத் திரைமுன் அவன் நின்றால் கவசமும் பச்சையையே காட்டும். ஆதலால், இருபதடி உயரமுள்ள ஒளிச்சுவரை வளைவாக அமைத்து, அதில் பாலைவனத்தையும் வானத்தையும் விளையாட்டுப் பொறியால் தோன்றச் செய்தனர். அவ்வொளியே கவசத்திலும் பட்டு இயல்பாக மின்னியது.

எனினும், பொறிக்கு மெய்யும் பொய்யும் ஒன்றே. எதனைக் கொடுப்பினும் அழகாக வரையும். வெள்ளத்தின் உயரத்தை அளந்து கூறியது அறிவியல். அதனை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் காட்டுவது மனிதரின் நேர்மை. செப்டம்பர் 14ஆம் நாள் கரையைக் கடந்தபோது புளோரன்ஸின் காற்று தணிந்திருந்தது. ஆயினும் நீர் தணியவில்லை. நியூ பெர்ன் நகரில் வெள்ளம் புகுந்து, நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். காற்றின் வேகத்தை மட்டும் நோக்கியிருந்தோர்க்கு அவ்வெள்ளம் வியப்பளித்திருக்கும். திரையில் எழுந்த நீரைக் கண்டு உணர்ந்தோர்க்கு அது முன்னரே அறிந்த பகையாகும். விளையாட்டுக்காகப் பிறந்த கருவியும், நேர்மையுடையார் கையில் சேரின், உயிர் காக்கும் கருவியாகும்.