அளவையும் மெய்ப்பொருளும்

கிரேக்கர் ஆராய்ந்து அறிந்தனர், இந்துக்களோ நூல் கூறிற்றென்றே நம்பினர் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று நம் மாணாக்கர் செவியிலும் படுதலால், இதன் மெய்ம்மையை ஆராய்தல் ஆசிரியர்களாகிய நமக்குக் கடனாகும்.

அதேன்ஸ் நகரத்துச் சோக்கிரதீசர், அறிந்தோமென்று எண்ணியிருப்பாரை வினாவி, அவர் கூற்றிலுள்ள முரணை அவர் வாயாலேயே வெளிப்படுத்தினர். இளைஞரைக் கெடுத்தாரென்றும் நகரத்துத் தெய்வங்களை மதித்திலரென்றும் குற்றஞ் சாட்டப்பட்டு, கி. மு. 399 இல் நஞ்சுண்டு இறக்க விதிக்கப்பட்டபோதும் அவர் தம் ஆராய்ச்சியை விட்டாரல்லர். பின்வந்த அரிஸ்தோத்தில், இரண்டு கூற்றுக்களினின்றும் மூன்றாவதாகிய முடிபு தவறாது பெறப்படும் முறையை வகுத்தனர்.

பாரத தேசத்து நியாய நூலார் ஐந்துறுப்பு வகுத்தனர். மலையிலே தீயுண்டு என்பது மேற்கோள். புகையுடைமையால் என்பது ஏது. புகையுள்ளவிடத்துத் தீயுண்டு, அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம். ஆதலால் தீயுடையது என்பது நிகமனம். அரிஸ்தோத்தில் முறை கூற்றுக்களின் இயைபையே நோக்கும். இம்முறை கேட்போன் கண்டறிந்த அடுக்களையையும் உடன்காட்டி அவனைத் தெளிவிக்கும். மெய்கண்டதேவரும் சிவஞானபோதத்து 12 சூத்திரங்களின் பொருளை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றாலன்றோ நிறுவினர்?

அற்றேல், இருதிறத்தார்க்கும் வேற்றுமை இல்லையோவெனின், உண்டு. சித்தாந்திகள் காட்சி, கருதல் என்பவற்றோடு ஆகமமாகிய உரையையும் அளவையாகக் கொள்வர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்பவற்றின்மேல் நிட்டையென ஒன்றுங் கூறுவர். வாதம் முடிந்தவிடத்து மெய்யுணர்வு முற்றுப்பெறாது, உயிர் மெய்ப்பொருளிலே அழுந்தி நிற்றல் வேண்டும் என்பது கருத்து. ஆயினும், ஆன்மா முழுவதும் இருளினின்று ஒளியை நோக்கித் திரும்புதலே கல்வியெனப் பிளேட்டோவும் கொண்டமையால், கிரேக்கரை வெறுந் தருக்கிகளென்று இகழ்தலும் பொருந்தாது.

இனி நம் பாடசாலைகளை நோக்குவோம். கேட்டலோடு நிறுத்தி, பாடத்தை ஒப்புவித்தவனுக்கு முழுப்புள்ளியும் அளித்து, ஏனென்று வினாவியவனை அதட்டி இருத்துவோமாயின், மேலே சொன்ன பழி நம்மாலேயே மெய்யாகும். உலகம் கர்த்தாவை உடையது என்று கற்பிக்கும்போது, இதற்கு ஏது யாது, எடுத்துக்காட்டு யாது என்று மாணாக்கனை வினாவுதல் வேண்டும். அவன் குடத்தையும் குயவனையும் தானே நினைந்து கூறுவானாயின், அன்றுதொட்டு அது அவனுடைய அறிவாம். குயவனுக்கு மண் வேண்டுமே, கடவுளுக்கு உலகைப் படைக்க யாது வேண்டும் என்று அவன் மேலும் வினாவினால், அவனைத் தடுத்தலாகாது. மாயையைப் பற்றிய பாடத்துக்கு அவனே வழிதிறந்தானென்று மகிழ்ந்து, அவ்விடத்தினின்றே தொடங்குவோமாக.